நீ தாமதமாக வரவில்லை, தம்பி

தம்பி,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் பெரியப்பா உனக்கு போன் செய்தபோது அப்பா உயிரோடு இல்லை. இறந்த பிறகுதான் உனக்கு போன் வந்தது. நீ அந்த நிமிஷமே கம்பெனியை விட்டு ஓடி வந்திருந்தாலும் அப்பாவை உயிரோடு பார்த்திருக்க முடியாது. ஷிப்டை முடித்துவிட்டுக் கிளம்பியதால் நீ எதையும் தவறவிடவில்லை. மத்தியானம் வரைக்கும் உனக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தார் என்று உன் அத்தை சொன்னது நடக்கவில்லை. அவள் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ ஊருக்கு வருவதில்லை. போனை எடுப்பதும் இல்லை. எப்போதாவது எடுத்தால், "சாப்ட்டியாம்மா, சரி வெச்சிடறேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. போன வாரம் உன்னோடு ரூமில் இருக்கிற பையன் எனக்கு போன் செய்தான். "அம்மா, இவன் ஷிப்டு முடிஞ்சி வந்தா படுக்கறதே இல்ல, செவுத்துல சாஞ்சி குந்திக்கினே இருக்கான். இன்னாடான்னு கேட்டா, அன்னிக்கு பாதி ஷிப்டுலயே கெளம்பியிருந்தா எங்கப்பாவ பாத்திருப்பேன்னு அதையேதான் சொல்றான். நீங்க கொஞ்சம் பேசுங்கம்மா" என்றான். அவன் மேல் கோபப்படாதே. நல்ல பையன். அவன் சொன்னதைக் கேட்டதும், உன் தலையில் ஒரு கல்லை ஏற்றி வைத்துவிட்டு நாங்கள் எல்லாரும் கையை வீசிக்கொண்டு நடக்கிறோம் என்று தோன்றியது.

நான் எட்டாவதோடு நின்றவள். இத்தனை பெரிய கடிதம் எழுதியதே இல்லை. தப்பும் தவறுமாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்கிற பிள்ளைகள் ஹோமில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாமா என்று கவுன்சிலிங் மேடம் கேட்டார். காட்டுங்கள் என்றேன். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் போன் செய்கிறார்கள். ஆள் போய்ச் சேர்ந்த பிறகு, வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு "கொஞ்சம் முடியல, கிளம்பி வா" என்கிறார்கள். பிள்ளை பஸ்ஸில் வருகிற நேரத்தில் இங்கே தெருவில் பந்தல் போடுகிறார்கள். அதனால் மற்றவர்களும் படிக்கட்டும். ஆனால் எழுதுவது உனக்குத்தான்.

அன்றைக்கு எனக்கு வார லீவு. காலையில் அப்பா கரும்பு லோடு டிராக்டரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு டீ குடிக்க வீட்டுக்கு வந்தார். நெஞ்சு கரிக்கிறது என்றார். நேற்று ராத்திரி பஜ்ஜி தின்றதுதான் என்று நான் சொன்னேன், அவரும் ஆமாம் என்றார். பிறகு முகம் வேர்த்துவிட்டது. எதிர்வீட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். தியாகதுருகம் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் என் தோளில் இருந்த தலை கனத்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் ஆட்டோக்காரரிடம் சொல்லவில்லை. சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க என்றே சொல்லிக்கொண்டு இருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "வரும்போதே இல்லம்மா" என்றார்.

பெரியப்பா பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பிக்கு சொல்லணுமே" என்று போனை எடுத்தார். நீ எடுத்ததும் அவருடைய குரலே மாறிவிட்டது. "இன்னா தம்பி, சாப்ட்டியா? ஒண்ணும் இல்லப்பா, அப்பாவுக்கு கொஞ்சம் முடியல. ஆஸ்பத்திரில காட்டிக்கினு இருக்கோம். பதறாம நிதானமா கெளம்பி வா" என்றார். "சீரியஸா பெரிப்பா?" என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "சேச்சே, அதெல்லாம் இல்ல. குளுகோஸ் ஏறுது" என்றார். அவரைத் திட்டாதே. கூடப் பிறந்தவன் உள்ளே கிடக்கிறான், நீ வழியில் எங்காவது விழுந்துவிடக் கூடாது என்று அந்த மனுஷன் அழுகையை விழுங்கிக்கொண்டு பேசினார். தலையை ஆட்டியது நான்.

சாயங்காலம் நீ கையில் ஒரு பை சாத்துக்குடியோடு தெருமுனையில் வந்து நின்றாய். பந்தலைப் பார்த்தாய். யாரோ ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டார்கள். நீ என்னிடம் வந்து, "எப்போம்மா?" என்று கேட்டாய். அந்த ஒரு கேள்விதான் கேட்டாய். நான் பதில் சொல்வதற்கு முன்னால் உன் அத்தை உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மத்தியானம் வரைக்கும் கண்ணு வாசல்லயே இருந்துச்சிடா ராசா, உம் பேரையே சொல்லிக்கினு இருந்தாருடா, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மொகத்த பாத்திருப்பாரே" என்று அழுதாள். அவள் உனக்கு ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள். அப்பா கடைசி வரைக்கும் உன்னைத்தான் தேடினார் என்று தெரிந்தால் பிள்ளைக்கு மனசு ஆறும் என்று நினைத்தாள். உனக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நீ சின்ன வயதில் என்னைக் கேட்பாய், "ஹோம்ல இன்னாம்மா வேலை செய்யற?" என்று. சோறு ஆக்குகிறேன், தலை வாருகிறேன் என்பேன். அதற்கு மேல் சொல்லத் தெரியாது. சமையலுக்குத்தான் சேர்ந்தேன். பிறகு ஹோமை நடத்துகிற சிஸ்டர் என்னைப் பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றினார். பாதிப் பிள்ளைகள் கல்வராயன் மலையில் இருந்து வந்தவர்கள். அப்பா அம்மா கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்கோ வேறெங்கோ போயிருப்பார்கள், சிலருக்கு யாரும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் பார்க்க வருவார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு தனி வேலை இருந்தது. அம்மாக்காரி கிளம்புகிற நேரம் வந்ததும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய் நாய்க்குட்டியைக் காட்டுவேன், டிவியைப் போடுவேன், அப்பளம் பொரித்துத் தருவேன். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறபோதே அம்மாக்காரி நழுவிவிடுவாள். இதில் நான் கெட்டிக்காரி என்று பேர். "பராக்கு காட்டறதுல உன்ன மாதிரி ஆளு கெடையாது" என்று கூட வேலை செய்கிற லூர்து சொல்வாள், எனக்கும் பெருமையாக இருக்கும். ஒரு பிள்ளைகூட கேட்டில் நின்று அழாது. ஆனால் ராத்திரியில் பாயெல்லாம் நனைந்திருக்கும். நாய்க்குட்டியைக் காட்டினாலே சில பிள்ளைகள் திரும்பி வாசலைப் பார்க்கும். அதையெல்லாம் நான் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

பிறகு மேடம் வந்தார். விழுப்புரத்துப் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். வாரம் ஒரு நாள் எங்களை எல்லாம் உட்கார வைத்துப் பேசுவார். லூர்து முதல் நாளே, "நாலு பெத்து வளத்தவளுக்கு புள்ள வளக்க கத்துத் தரப் போறாங்களாம், வா போயி ஏசில குந்திட்டு வரலாம்" என்றாள். ஏசியும் இல்லை, ஃபேன்தான். மேடம் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நான் இங்கேதான் இருக்கிறேன், பயப்படாதீர்கள் என்று பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு நின்றது. கண்ணைத் திறந்தால் ஆளைக் காணோம். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கூப்பிட்டேன், பதில் இல்லை. அப்புறம் கோபம் வந்தது. இன்னா விளையாட்டு இது என்று எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன். மேடம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மறுபடியும் கண்ணை மூடுங்கன்னா மூடுவீங்களாம்மா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அவ்வளவுதான் பாடம்.

அதற்குப் பிறகு ஹோமில் நாய்க்குட்டி காட்டுவது நின்றது. அம்மா போகிறாள், இன்னும் இத்தனை நாள் கழித்து வருவாள் என்று பிள்ளையிடம் நேராகச் சொல்ல வேண்டும். வர முடியாது என்றால் வர முடியாது என்று சொல்ல வேண்டும். பிள்ளை அழும். அழட்டும், ஆனால் நீ அங்கேயே இரு என்றார் மேடம். முதல் இரண்டு மூன்று மாதம் ஹோமே ஒப்பாரி வீடு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கு வந்து, "புள்ளைங்கள அடிக்கிறீங்களா இன்னா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேடமே கலங்கிவிட்டார், தப்புச் செய்கிறோமோ என்று என்னிடமே கேட்டிருக்கிறார். பிறகு மெல்ல மெல்ல அழுகைக்கு ஒரு முடிவு வர ஆரம்பித்தது. பிள்ளைகள் அழுது முடித்துவிட்டு விளையாடப் போனார்கள். பாய் காய ஆரம்பித்தது. முன்பெல்லாம் எந்தப் பிள்ளையோடும் ஒட்டக் கூடாது என்று எங்களை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அதுவும் மாறி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆள் என்று ஆனது. எனக்கு வந்தவர்களில் ஒருத்தி பூங்கொடி. அது அவள் உண்மையான பேர் இல்லை. பிள்ளைகள் பேரை வெளியே சொல்லக் கூடாது.

பூங்கொடி என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். அம்மா என்று கூப்பிடச் சொன்னால், "எனக்கு அம்மா கீறாங்க" என்பாள். வந்த புதிதில் நான் லீவுக்குக் கிளம்பினால் என் செருப்பை எடுத்து ஒளித்து வைப்பாள். மேடமும் நானும் யோசித்து ஒன்று செய்தோம். நான் திரும்பி வருகிற நாள் எதுவோ, அந்தத் தேதிக் காலண்டர் தாளில் என்னுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் போவேன். தினமும் காலையில் அவள் ஒரு தாள் கிழிப்பாள். பொட்டு வரும் நாளில் நான் வருவேன். ஒரு தடவை பஸ் ஸ்டிரைக் என்று மணலூர்பேட்டையில் மாட்டிக்கொண்டபோது லாரியில் ஏறி வந்தேன், நினைவிருக்கிறதா? அப்பா என்னைப் பைத்தியக்காரி என்றார். அது அந்தப் பொட்டுக்காகத்தான்.

இப்போது உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபம் வரும், வரட்டும். அப்பா இறந்த அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் இருந்து ஹோமுக்கு போன் போட்டேன். "சிஸ்டர், எங்க வூட்டுக்காரர் செத்துட்டாரு, நான் நாளைக்கு வரமாட்டேன்" என்று நேராகச் சொன்னேன். மறுநாள் தாளில் பொட்டு இருக்கிறது என்று எனக்கு நினைவு வந்தது. "பூங்கொடிகிட்ட சொல்லிடுங்க, காத்துக்கினு இருக்கும்" என்றும் சொன்னேன். மத்தியானமே மேடம் அவளிடம் சொல்லிவிட்டார். நான் பெற்ற பிள்ளை, அப்பாவுக்கு குளுகோஸ் ஏறுகிறது என்று நம்பிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றுகொண்டு இருக்கிறான். மலையில் இருந்து வந்த பிள்ளைக்கு உண்மை தெரிந்துவிட்டது. முப்பதாம் நாள் பூசை முடிந்து நான் வேலைக்குப் போனபோது அவள் என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். "உங்க வூட்டுக்காரரு செத்துட்டாராமே, நெசமா?" என்றாள். நெசம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள். நான் வராததற்கு ஒரு காரணம் இருந்தது, அது உண்மையாக இருந்தது, அவளுக்கு அது போதும்.

அத்தோடு நான் கற்றுக்கொண்டேன் என்று நினைக்காதே. துக்கம் வந்தால் படித்த பாடம் எல்லாம் முதலில் ஓடிப்போகிறது. காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டு இருந்தபோது, ஒரு நாள் காலையில் பூங்கொடியின் மாமா மலையில் இருந்து போன் செய்தார். கேரளாவில் எஸ்டேட்டில் அவள் அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டாள், உடம்பை வண்டியில் கொண்டு வந்துகொண்டு இருக்கிறார்கள், மறுநாள் அடக்கம் என்றார். "புள்ளைக்கு சொல்லாதீங்க. பாத்தா பயந்துக்கும். பரீட்சை முடியட்டும், நான் வந்து பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் உடனே, ஆமாம் சிஸ்டர், அதுதான் சரி, பாவம் சின்னப் பிள்ளை என்றேன். மேடத்திற்கு போன் போட்டபோது அவர், இன்றைக்கே சொல்ல வேண்டும், போக விரும்புகிறாளா என்று அவளைத்தான் கேட்க வேண்டும் என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். "உங்களுக்கு கல்யாணம்கூட ஆகல மேடம், செத்த வூட்டப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவர், "எனக்குத் தெரியாதுதான்மா. உங்க பையனுக்கு எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்கு அதுவரை அந்தக் கதை தெரியாது.

நான் போனை வைத்துவிட்டுத் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தேன். நீ தெருமுனையில் பையோடு நின்றது கண்ணில் வந்தது. பூங்கொடியின் அம்மாவை மண்ணில் வைத்த பிறகு, பரீட்சை முடிந்து, மாமா வந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுச் சொல்வார். அவள், "எப்போ?" என்று கேட்பாள். போன வாரம் என்பார்கள். போன வாரம் முழுக்க நான் அவளுக்குத் தலை வாரி, ரிப்பன் கட்டி, அம்மா தீபாவளிக்கு வருவாளா என்று அவள் கேட்டால் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன். அதற்குப் பிறகு காலண்டரில் நான் எத்தனை பொட்டு ஒட்டினாலும் அவள் நம்புவாளா?

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "பூங்கொடி, உங்கம்மா செத்துட்டாங்க. காய்ச்சல் வந்து செத்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க." சாமிகிட்ட போய்ட்டாங்க, தூங்கறாங்க என்றெல்லாம் சொல்லவில்லை. அவள் என் வாயையே பார்த்தாள். "உனக்கு எப்போ தெரியும்?" என்றாள். தம்பி, நீ கேட்ட அதே "எப்போ". காலையில் என்றேன். "காலையில ஏன் சொல்லல?" என்றாள். "சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். அது தப்பு" என்றேன். அவள் என் கையில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். நான் நகரவில்லை.

அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றாள். சிஸ்டர் கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கினார். மறுநாள் விடிந்ததும் வெள்ளிமலை பஸ்ஸில் நானும் அவளும் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏற வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். என் மடியில் படுக்க மாட்டேன் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வெள்ளிமலையில் இறங்கி மரவள்ளிக் கொல்லை வழியாக நடந்தோம். மாமாவுக்கு எங்களைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. "உங்ககிட்ட இன்னா சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார். பூங்கொடி அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து காலைப் பார்த்தாள். அவள் அம்மாவுக்கு இடது கால் சுண்டு விரல் கொஞ்சம் வளைந்திருக்கும் போலிருக்கிறது. "எங்கம்மாதான்" என்று சொன்னாள். பயப்படவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுகிற சத்தம் கேட்டு மாமாவும் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு அழுதார். அந்த மனுஷனும் அதுவரை அழவில்லை என்று அப்புறம் சொன்னார்கள்.

திரும்பி வருகிறபோது பஸ்ஸில், ரொம்ப நேரம் கழித்து, "எங்கம்மா என்னக் கேட்டாங்களா?" என்றாள். உன் அத்தை சொன்ன அத்தனை வார்த்தையும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உன் பேரையேதான் சொல்லிக்கொண்டு இருந்தாளாம் என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷம் எவ்வளவு லேசாகப் போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு ஒரு வளைவு தாண்டும் வரைக்கும் இருந்தேன். "தெரியல கண்ணு. நான் அங்க இல்ல. யாரும் எங்கிட்ட சொல்லவும் இல்ல" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தலை வார லூர்துவிடம் போய் உட்கார்ந்தாள். நான் பரிமாறினால் தட்டை இழுத்துக்கொண்டாள். மேடத்திடம் போய், உண்மையைச் சொல்லி இப்படி ஆகிவிட்டதே என்று அழுதேன். "கோபப்படறதுக்கு உங்களைத்தானே நம்பியிருக்கா" என்றார் அவர். எனக்கு அது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

தம்பி, பூங்கொடியிடம் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நான் அங்கே இல்லை. உன் விஷயத்தில் நான் அங்கே இருந்தேன். அதனால் எனக்குத் தெரியும். ஆட்டோவில் போகிறபோது அப்பா கடைசியாகப் பேசியது இதுதான்: "சாவி வண்டிலயே கீது. எவனாவது எடுத்துக்கினு போயிடப் போறான்." டிராக்டர் சாவி. அதற்கு நான், "அது எங்க போவுது, நீங்க கம்முனு இருங்க" என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை. உன் பேரைச் சொல்லவில்லை. என் பேரையும் சொல்லவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சாகப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. சாயங்காலம் வந்து வண்டியை எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு இருந்தார். மனசுக்குள் உன்னை நினைத்தாரா என்று கேட்டால், அது தெரியாது தம்பி. தெரியாததை நான் இனிமேல் சொல்ல மாட்டேன். உனக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் உனக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்த அப்பாவை நீ ஏமாற்றிவிட்டாய் என்று ராத்திரி எல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாயே, அப்படி ஒரு அப்பா அன்றைக்கு இல்லவே இல்லை.

அந்தச் சாத்துக்குடியையும் சொல்லிவிடுகிறேன். அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு உன் அத்தை அதைப் பிழிந்து என் கையில் கொடுத்தாள். அப்பாவுக்கென்று நீ வாங்கி வந்ததை நான் குடித்தேன். இனிப்பாக இருந்தது. அன்றைக்குப் போய் ஒன்று இனித்ததே என்று எனக்கு வெட்கமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு அசதியாக இருக்கிறது தம்பி. மூட்டு வலிக்கிறது. அடுத்தவர் பிள்ளையின் அழுகையைத் தாங்க உடம்பில் பழைய தெம்பு இல்லை. போதும், வந்து என்னோடு இரு என்று நீ ஒரு நாள் சொன்னால் வந்துவிடுவேனோ என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அதற்காக இதை எழுதவில்லை. நீ என் மேல் கோபப்படலாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பெரியப்பா மேல் வேண்டாம், அத்தை மேல் வேண்டாம், உன் மேல் வேண்டவே வேண்டாம். தலையை ஆட்டினவள் மேல் கோபப்படு. போனில் திட்டு. நேரில் வந்து திட்டு. நான் எங்கேயும் போகமாட்டேன். கல்லறைத் திருநாளுக்கு லீவு சொல்லியிருக்கிறேன். காலையில் இருந்து அப்பா பக்கத்தில்தான் இருப்பேன். வந்தால் வெறும் கையோடு வா.

நேற்று பூங்கொடி தானாகவே என்னிடம் வந்தாள். சீப்பை நீட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "லீவுல போறியாமே, எங்க போற?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் கல்லறைக்கு, என் பிள்ளை வந்தாலும் வருவான் என்றேன். பையில் இன்னும் பழைய பொட்டு அட்டை கிடக்கிறது. நெற்றிக்கு ஆகாது, காலண்டருக்கு ஆகும் என்று வைத்திருக்கிறேன். நான் எடுப்பதற்குள் அவள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். நான் திரும்பி வரும் நாளைக் கேட்டு, தாளைத் தூக்கி ஒரு பொட்டை அழுத்தி ஒட்டினாள். பிறகு ஏதோ யோசித்துவிட்டு, கல்லறைத் திருநாள் தாளிலும் ஒன்று ஒட்டினாள். அது யாருக்கு என்று கேட்டேன்.

"உம் புள்ளைக்கு" என்றாள். "வரலன்னா ஒரு பொட்டு வேஸ்ட்டு, பெரிம்மா."

அம்மா